வெளுத்த திரையும் ஒரு வலது கண்ணும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் செம்பூர் ஆபீஸில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் நான்கு வருடம் பெருக்கித் துடைத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன். அப்போது எல்லோருக்கும் நான் மௌசி, ஹிந்தியில் சித்தி. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் பெரியம்மா, வேலையும் வேறு. ஆபீஸில் எழுதுகிற புரோகிராம்களை, வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்னால் முதலில் ஓட்டிப் பார்க்கிற வேலை. என் விரல் படாமல் ஒரு புரோகிராமும் அந்த மாடிப்படி இறங்கியதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் எண்கள் தெரியும், எழுத்துகளில் பாதி தெரியும். அதனால்தான் சார் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். சார் என்றால் ஆபீஸை ஆரம்பித்தவர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். "படிச்சவா எல்லாரும் சரியான பட்டனைத்தான் அமுக்கறா. நீங்க எதை அமுக்குவேள்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான்" என்றார். முதலில் கோபம் வந்தது. ஒரு மாதம் கழித்து, ஏழு பேர் பார்த்துச் சரி என்று சொன்ன புரோகிராமை நான் மூன்றே அமுக்கில் படுக்க வைத்தேன். கோபம் போய்விட்டது.

நீங்கள் எழுதும் மொழி எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லி, ஆள் வைத்து எழுத வைக்கிறேன். அந்த நாளில் தப்பு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி ரஹ்மத், இன்று நீங்கள் மேடம் என்று கூப்பிடுகிறீர்களே, அவளேதான். எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க பெரியம்மா, பேரோட எழுதுங்க. இந்தப் புள்ளைங்க நான் பொறக்கும்போதே கீபோர்டோட பொறந்தேன்னு நினைச்சிட்டிருக்குதுங்க" என்றாள்.

அப்போது அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் நானும் தாராவிதான். அவள் வீட்டார் தூத்துக்குடிப் பக்கம், நான் திருநெல்வேலிப் பக்கம். தாராவிக்குப் பக்கத்திலேயே ஆண்டாப் ஹில்லில் ஒரு கண் முகாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து கண்ணைச் சோதிப்பார். யாருக்கு என்ன பவர் என்கிற பட்டியலைக் கையோடு கொண்டுபோய், ஊரில் கண்ணாடி செய்து அனுப்பி வைப்பார். வருகிறவர்கள் எல்லாம் பெல்ட் தைக்கிறவர்கள், ஜரிகை வேலை செய்கிறவர்கள், தையல்காரர்கள். கண்ணை வைத்துத்தான் அவர்களுக்குச் சோறு. பழைய முகாம்களில் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டுகள் தொலைந்து, ஆள் மாறிக் கண்ணாடி வந்திருக்கிறது. அதனால் எங்களிடம் சின்னதாக ஒரு புரோகிராம் கேட்டார்கள். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்ட வேண்டும். ஒரு பட்டனை அமுக்கினால் அது சேவ் ஆகி, ஒரு சீட்டும் அச்சாகி வர வேண்டும். ரஹ்மத் தனியாக எழுதிய முதல் புரோகிராம் அது.

நான் ஓட்டிப் பார்த்தேன். பத்துப் பேரைப் போட்டேன். பட்டனை அமுக்கினால் திரை வெளுத்துப் போகும். சாயம்போன துணி மாதிரி ஆகிவிடும். மேலே பட்டையில் புரோகிராம் பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் பிரின்டர் சீட்டைத் துப்பும், திரை பழையபடி ஆகிவிடும். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து முறையும் அது திரும்பி வந்தது.

அந்த இரண்டு வார்த்தை என்ன என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்து மேஜையில்தான் ரஹ்மத் இருந்தாள். கேட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸில் எல்லோரும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள், "பெரியம்மா பாஸ் பண்ணிட்டாங்களா?" என்று கேட்பார்கள். நேற்று வந்த பெண்ணிடம் போய், இது என்ன வார்த்தை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. "சரியா இருக்குட்டி, கொண்டு போ" என்று சொல்லிவிட்டேன்.

முகாம் அன்று மதியம் பன்னிரண்டரைக்கு ரஹ்மத்துக்கு போன் வந்தது. முகாமில் மேஜையில் உட்கார்ந்து தட்டுகிற பெண்ணின் பெயர் செல்வி. கெட்டிக்காரி, கை வேகம் அதிகம். அவள் கத்துவது எனக்கே கேட்டது.

"அது ஹேங் ஆயிட்டுது ரஹ்மத்! நானும் அஞ்சு தடவை அமுக்கிப் பாத்தேன். பிரின்டர்ல பேப்பர் வேற மாட்டிக்கிட்டு. இங்க ஆளுக வரிசை ரோடு வரைக்கும் நிக்கி. ஒருத்தன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னான், பண்ணுனேன். இப்ப ஒருத்தர் பேரு கூட இல்ல. காலையில இருந்து போட்ட அம்புட்டும் காலி!"

ரஹ்மத் முகத்தில் ரத்தமே இல்லை. "செல்விக்கா, பயப்படாதீங்க. அடுத்த ஆளைப் போட்டு சேவ் பண்ணிப் பாருங்க, பழசெல்லாம் திரும்ப வருதான்னு…"

நான் போனைப் பிடுங்கினேன்.

"செல்வி, நான் செம்பூர் ஆபீஸ்ல இருந்து பேசுதேன். கையை எடு."

"எடுத்துட்டேன்க்கா."

"நாற்காலிய விட்டு எந்திரி."

"எதுக்குக்கா?"

"உக்காந்திருந்தா கை சும்மா இருக்காது. எந்திரிச்சு, அந்த நாற்காலிய மேசை மேல கவுத்து வை. அண்ணாச்சியா இருந்தாலும் சரி, டாக்டரா இருந்தாலும் சரி, யாரும் பொட்டியத் தொடக் கூடாது. மிச்சப் பேருக்கு நோட்டுல எழுது. முகாம் நடக்கட்டும். பொட்டி மட்டும் நிக்கட்டும்."

எனக்கு இது ஏதோ ஞானத்தில் வந்தது இல்லை. அதற்குச் சில வருடம் முன்னால் ஒரு மருந்துக்கடைப் புரோகிராம் இதே மாதிரி காலியாகத் திறந்தது. நான் சும்மா ஒரு மருந்தின் பெயரைப் போட்டு சேவ் அமுக்கினேன். கடையின் பழைய மருந்துப் பட்டியல் முழுக்கப் போய், நான் போட்ட ஒரே ஒரு மாத்திரை மட்டும் மிஞ்சியது. சார் திட்டவில்லை. "காலியாத் தெரியறதுன்னா காலின்னு அர்த்தமில்லை. அதுக்குப் படிக்க முடியலைன்னு அர்த்தமா இருக்கலாம். முதல்ல ஒரு நகல் எடுக்கணும். அப்புறம்தான் தொடணும்" என்றார். பிள்ளைகளே, இதை மட்டும் உங்கள் மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மனுஷன் செய்கிற முதல் காரியம், திரும்ப ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது. பாதி நஷ்டம் அந்த இரண்டாவது அமுக்கில்தான்.

சார் அன்று அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் இருந்தார். போன் செய்து சொன்னேன். "நான் ரயில் பிடிச்சு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். டாக்டர் எப்போ கிளம்பறா?"

"நாலு மணிக்கு சார்."

"அப்போ நீங்க ரெண்டு பேரும் போங்கோ. யார் தப்புன்னு நாளைக்குப் பேசிக்கலாம். இன்னிக்கு ஃபைலை மட்டும் பாருங்கோ."

ஆட்டோவில் ரஹ்மத் அழ ஆரம்பித்தாள். "அவ்வளவுதான், என் வேலை போச்சு பெரியம்மா. அந்த ஜனங்க எல்லாரும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்காங்க. திரும்ப யாரு வருவா? அரே, ஆபீஸ்ல நல்லாத்தானே ஓடுச்சு!"

"நல்லா ஓடலட்டி" என்றேன். "திரை வெளுத்துப் போவும்லா, அப்ப மேல ரெண்டு வார்த்தை வருது. அது என்ன?"

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது… புரோகிராம் பதில் சொல்லலைன்னு அர்த்தம். உங்ககிட்ட ஓட்டும்போது வந்துச்சா?"

"பத்துத் தடவையும் வந்துது."

"ஏன் சொல்லல?"

"எனக்குப் படிக்கத் தெரியல. உங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துது."

ஆட்டோ சயானைத் தாண்டியது. அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு விஷயம் சொல்ல வெக்கமா இருக்கு" என்றாள். ஃபைலைப் படிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். யாரிடமும் கேட்காமல், அப்படி ஆனால் சத்தமில்லாமல் ஒரு காலிப் பட்டியலைக் காட்டு என்று எழுதி வைத்திருந்தாள். சிவப்பாக எதுவும் வந்து பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தாளாம். செல்வி இன்னொரு ஆளைப் போட்டு அமுக்கியிருந்தால், அந்தக் காலிப் பட்டியல் பழைய ஃபைல் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தப் புரோகிராமில் இருந்த கோளாறுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இதே மூன்றையும் செய்வீர்கள். முதலாவது, புரோகிராமுக்குள் திரையைக் கவனிக்கிற ஆளையே பிரின்டரிடம் போய் நிற்கச் சொன்னது. கவுன்டரில் பேசுகிறவனே குடோனுக்கும் ஓடினால் கவுன்டர் காலியாகத்தான் கிடக்கும். வாடிக்கையாளர் மேஜையைத் தட்டத்தான் செய்வார். இரண்டாவது, ஃபைலில் எழுதியதை அங்கேயே மூடி வைக்காமல், பிரின்டர் முடிக்கட்டும் என்று திறந்தே வைத்திருந்தது. பேப்பர் மாட்டியது, செல்வி பொட்டியை அணைத்தாள், கடைசியில் எழுதியது ஃபைலுக்குள் போய்ச் சேரவே இல்லை. மூன்றாவதை ஆட்டோவிலேயே அவள் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே மூன்றையும் திருத்தினாள். சேவ் வேலை தனியாகப் பின்னால் நடக்கும். ஒரு தடவை அமுக்கினால் பட்டன் மங்கிவிடும், இன்னொரு தடவை அமுக்க முடியாது. படிக்க முடியாத ஃபைல் வந்தால், "படிக்க முடியவில்லை, எதையும் அழிக்கவில்லை" என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லும். நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

ஆண்டாப் ஹில் ஹாலுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. நாற்காலி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் முன்னால் செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "முகாம் நடத்துற தலைவரு வந்தாரு, தொடக் கூடாதுன்னுட்டேன். என் மேல கோவமாப் போயிருக்காரு" என்றாள்.

"போவட்டும்" என்றேன்.

ரஹ்மத் புரோகிராமைத் திறக்கவில்லை. ஃபைலை மட்டும் இரண்டு நகல் எடுத்தாள், ஒன்று பென் டிரைவில், ஒன்று அவள் லேப்டாப்பில். பிறகு லேப்டாப்பில் இருந்த நகலைச் சாதாரண எழுத்தாகத் திறந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, இடது கண், வலது கண், போன் நம்பர். வரி வரியாக இறங்கிக்கொண்டே போனது. செல்வி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஏ, எல்லாரும் இருக்காவளே!" என்று கத்தினாள்.

நூற்றுப் பதினேழாவது வரியில் வந்து நின்றது. இசக்கிமுத்து, வயது அறுபத்தொன்று, இடது கண் ஒன்றரை. அதோடு முடிந்தது. வலது கண் இல்லை, போன் நம்பர் இல்லை.

"அந்த ஆளா!" என்றாள் செல்வி. "திரை வெளுக்கும்போது எம் முன்னால உக்காந்திருந்தவரு. சீட்டு வரல வரலன்னு பாத்துட்டு, 'உங்க பொட்டிக்கு முதல்ல கண்ணாடி போடுங்கட்டி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பெல்ட் தைக்கிறவரு. நம்பரு எனக்கு ஞாபகமில்ல."

டாக்டரம்மாவிடம் கேட்டோம். அவர் காலையிலிருந்து நிமிரவே இல்லை. அந்த ஆளின் எண் நினைவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். ஆள் வந்தால் திரும்பப் பார்த்துத் தருவேன், வராவிட்டால் அடுத்த முகாமில்தான், நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும் என்றார். அடுத்த முகாம் என்றால் ஆறு மாதம். பெல்ட்டில் தையல் நேராகப் போகாவிட்டால் ஆறு மாதத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ரஹ்மத் மற்ற நூற்றுப் பதினாறு பேரையும், செல்வி நோட்டில் எழுதிய மீதிப் பேரையும் சேர்த்துப் பட்டியலைச் சரி செய்தாள். அதற்குள் இரண்டே முக்கால் ஆகிவிட்டது. இசக்கிமுத்து வரியில் வந்து நின்றாள். வலது கண் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"இதைக் காலியா விட முடியாது பெரியம்மா. காலியா விட்டா புரோகிராமே ஜீரோ போட்டுடும். நான்தான் அப்படி எழுதினேன். ஜீரோன்னா நல்ல கண்ணுன்னு அர்த்தம்."

"அப்ப?"

குரலைத் தாழ்த்தினாள். "நிறைய பேருக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தான் இருக்கு. மேல பாருங்க, ஒன்றரை ஒன்றரை, ரெண்டு ரெண்டு. இவருக்கும் ஒன்றரைன்னு போட்டுட்டா? கண்ணாடியாவது கிடைக்கும். இல்லன்னா ஒண்ணுமே கிடைக்காது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள். அந்த ஆளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். செல்வி கூட, "போடு ரஹ்மத், யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

"நாம பாக்காத கண்ணுக்கு நம்பர் போடாத" என்றேன். "காலையில உன் புரோகிராம் இதைத்தான் செஞ்சுது. தெரியலன்னு சொல்லாம ஒரு காலிப் பட்டியலக் காட்டுச்சு. நானும் இதைத்தான் செஞ்சேன், படிக்கத் தெரியாம சரின்னேன். மூணாவதா நீயும் செய்யாத. அச்சடிச்ச காயிதத்துல அந்தக் கட்டத்த அடிச்சிட்டு, தெரியலன்னு பேனாவால எழுது. நாலு மணி வரைக்கும் நேரம் கிடக்கு. ஆளத் தேடுவோம்."

ரஹ்மத் பிரின்டரில் மாட்டிய பேப்பரை எடுத்துவிட்டு, பட்டியலை அச்சடித்து அப்படியே எழுதினாள். எனக்கு எழுத வராது. ஆனால் வாட்ஸ்அப்பில் பேச வரும். எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற பெண்களுக்கு ஒரு குரூப் உண்டு. சீட்டுப் பணம், கல்யாணம், தண்ணீர் வராத செய்தி எல்லாம் அதில்தான். அதில் பேசி அனுப்பினேன்.

"ஏட்டி பிள்ளைகளா, பெல்ட் தைக்கிற இசக்கிமுத்து, வயசு அறுபத்தொண்ணு, இன்னைக்குக் கண் முகாமுக்கு வந்துட்டுக் கோவிச்சுட்டுப் போயிட்டாரு. மூணரைக்குள்ள அவர திரும்ப அனுப்புங்க. தப்பு எங்க மேலதான்னு சொல்லுங்க."

உடனே ஒருத்தி குரல் வந்தது. "பெல்ட் தைக்கிற இசக்கிமுத்து மூணு பேரு இருக்காவக்கா. எந்த இசக்கிமுத்து?"

"கோவக்காரரு."

"மூணு பேரும் அப்பிடித்தான்."

ரஹ்மத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் குரூப்பில் சத்தம் ஓயவில்லை. ஒருத்தி முதல் தெருவில் கேட்டாள், ஒருத்தி தோல்கடைக்குப் போனாள். "ஒரு இசக்கிமுத்து ஊருக்குப் போயிருக்காரு." "ஒருத்தருக்கு வயசு நாப்பது." மூன்று பத்துக்கு ஒரு குரல் வந்தது. "ஆளப் புடிச்சாச்சு. வரமாட்டேன்னு சொல்லுதாரு. அவரு மருமவ ஆட்டோவுல தள்ளிட்டா."

மூன்று நாற்பதுக்கு ஆட்டோ வந்து நின்றது. உயரமான மனுஷர், சட்டையில் தோல் பசை வாடை, பின்னாலேயே மருமகள். இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"காலையில மூணு மணி நேரம் நின்னாச்சு. இப்ப திரும்ப எதுக்குக் கூப்புடுதிய? உங்க பொட்டி முழிச்சிக்கிட்டா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரஹ்மத் அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, அந்தப் புரோகிராம நான்தான் எழுதுனேன். தப்பு எழுதிட்டேன். உங்க வலது கண்ணு நம்பர் போயிடுச்சு. மன்னிச்சிருங்க. இன்னொரு தடவை டாக்டர் முன்னால உக்காருங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயதுப் பெண் எழுதியது என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. நேராக உள்ளே போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். திரும்பப் பிரித்தார். கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டார். இடது கண், ஒன்றரை. வலது கண்.

ஒன்றரை.

ரஹ்மத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கேட்டது எனக்குப் புரிந்தது. அருகில் வந்து மெதுவாகச் சொல்லவும் செய்தாள். "நான் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும் பெரியம்மா."

"ஆமா" என்றேன். "இதேதான் வந்திருக்கும்."

வேறு என்ன சொல்வது? வேறு எண் வந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், பெரிதாக ஏதாவது பேசியிருப்பேன். வரவில்லை. அத்தனை பேரை ஓட விட்டு, ஒரு மனுஷனை வேலையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து, அவள் சொன்ன அதே ஒன்றரை.

இசக்கிமுத்து எழுந்து நின்றார். கண்ணைக் கசக்கிக்கொண்டே ரஹ்மத்திடம்தான் கேட்டார்.

"ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணு போலயா சொல்லுதாங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"வலது கண்ணு எனக்கு எப்பவுமே கொஞ்சம் சந்தேகம். நல்லாப் பாத்தியளா?"

ரஹ்மத் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாத்தாச்சு அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். "அப்பச் சரி" என்றார். அந்தக் கோபக்கார மனுஷர், மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். ரஹ்மத் மேஜைக்கு வந்து, பட்டியலில் பேனாவால் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்திலேயே ஒன்றரை என்று எழுதினாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவின் வண்டியை நோக்கி ஓடினாள்.